கிடங்குச் சாவி யார் கையில்?

2025-ஆம் ஆண்டு ஜூலை மாதம். துபாயில் ஒரு கிடங்கு. அதற்குள் சுமார் 500 டன் பிஸ்கோத்து. டீக்கடைப் பாட்டிலில் இருக்கும் பிஸ்கோத்து அல்ல. பஞ்சத்திலும் பூகம்பத்திலும் சிக்கிய குழந்தைகளின் உயிரைப் பிடித்து வைப்பதற்கென்றே சத்துச் சேர்த்துச் செய்த பிஸ்கோத்து. ஆப்கானிஸ்தானத்துக்கும் பாகிஸ்தானுக்கும் அனுப்புவதற்காக அமெரிக்க சர்க்கார் சுமார் 8 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. 15 லட்சம் குழந்தைகளுக்கு ஒரு வாரம் போதுமானது.

குழந்தைகளின் வாய்க்குப் போயிற்றா? இல்லை. காலாவதித் தேதி நெருங்க நெருங்க, அனுப்ப அனுமதி கொடுங்கள் என்று ஊழியர்கள் மேலிடத்துக்கு எழுதினார்கள். கையெழுத்துப் போட அங்கே ஆள் இல்லை. டிரம்ப் சர்க்கார் யு.எஸ்.எய்ட் என்ற நிவாரண இலாகாவையே இழுத்து மூடிக்கொண்டிருந்தது. ஜூலை 1-ஆம் தேதி அந்த இலாகா மூடியே விட்டது. கடைசியில் பிஸ்கோத்து காலாவதியாகிவிட்டது, எரித்துவிடுங்கள் என்று உத்தரவு வந்தது. எரிப்பதற்கு ஆன செலவு மட்டும் 1 லட்சத்து 30 ஆயிரம் டாலர்!

பசித்த குழந்தைக்குக் கொடுக்கக் கையெழுத்து இல்லை. கொளுத்துவதற்குக் கையெழுத்தும் இருந்தது, காசும் இருந்தது.

இதைக் கேட்டால் சில பெரிய மனிதர்கள் சமாதானம் சொல்கிறார்கள். "இது நிர்வாகக் கோளாறு. கெட்டிக்கார மானேஜர்களைப் போட்டு, கம்ப்யூட்டரில் கணக்கு வைத்தால் சரியாகிவிடும்" என்கிறார்கள். பொருளை வாங்குவது, அடுக்கி வைப்பது, ஏற்றுவது, இறக்குவது, பங்கிடுவது எல்லாவற்றுக்கும் சேர்த்து 'சப்ளை செயின் மேனேஜ்மெண்ட்' என்று பெயர் வைத்து, அதைப் பெரிய கல்லூரிகளில் பாடமாகவும் நடத்துகிறார்கள்.

அந்தப் பாடத்தை நாம் பழிக்கவில்லை. ஆலைத் தொழிலாளிக்கு அது புதிதும் அல்ல. புளோ ரூமில் பஞ்சு நின்றால் கார்டிங் நிற்கும். கார்டிங் நின்றால் ஸ்பின்னிங் நிற்கும். விவசாயத் தொழிலாளிக்கும் தெரியும். தலைமடையில் அடைத்தால் கடைமடை காயும். ஒன்றோடு ஒன்று கோத்த வேலை எப்படி நடக்கிறது என்று உழைக்கிறவனுக்கு யாரும் வகுப்பு நடத்தத் தேவையில்லை.

நாம் கேட்கும் கேள்வி வேறு. தலைமடையை அடைத்தவன் யார்? ஏன் அடைத்தான்? கடைமடை காய்ந்தால் அவனுக்கு என்ன லாபம்? மானேஜர் பாடத்தில் இந்தக் கேள்விக்கு இடம் கிடையாது. எனவே நாம்தான் கேட்க வேண்டும்.

தானம் என்ற பெயரில் வியாபாரம்

கதை 1954-இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு ஜூலையில் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். உலகம் அதை பி.எல். 480 என்ற பெயரால் அறியும். அதன் முழுப் பெயரைப் பாருங்கள்: விவசாய வியாபார வளர்ச்சி மற்றும் உதவிச் சட்டம். வியாபாரம் முதலில் வருகிறது. உதவி பின்னால் வருகிறது. அமெரிக்கக் கிடங்குகளில் கோதுமை மலைபோல் குவிந்து கிடந்தது. உள்நாட்டில் விற்றால் விலை விழும். ஆகவே வெளியே தள்ளவும், நாளைக்குச் சந்தை பிடிக்கவும் வழி தேடினார்கள். பின்னால் இதற்குச் 'சமாதானத்துக்கு உணவு' என்று அழகான பெயரும் சூட்டினார்கள்.

அந்தச் சமாதானம் எப்படிப்பட்டது என்பதை நம் நாடே அனுபவித்தது. 1965-லும் 1966-லும் மழை பொய்த்தது. 1966-இல் மட்டும் இந்தியா சுமார் 1 கோடி டன் தானியத்தை வெளிநாட்டிலிருந்து இறக்க வேண்டி வந்தது. பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வந்தது. ரேஷன் கடையில் மைலோ வாங்கித் தின்ற பெரியவர்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். கப்பல் துறைமுகத்துக்கு வந்தால்தான் அடுப்பு எரியும் என்ற நிலைமை.

அந்த வேளையில் ஜனாதிபதி ஜான்சன் என்ன செய்தார்? ஆண்டுக் கணக்கில் போட்டு வந்த ஒப்பந்தத்தை நிறுத்தினார். ஒரு மாதத்துக்கு, இரண்டு மாதத்துக்கு என்று அளந்து அளந்து கப்பலை விட்டார். ஒவ்வொரு கப்பலுக்கும் தாமே அனுமதி கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டார். மாட்டைக் குட்டைக் கயிற்றில் கட்டுவது போல! வியட்நாம் மக்கள் மீது குண்டு போடுவதை இந்தியா கண்டித்தது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. இந்திய விவசாயக் கொள்கையை அவர்கள் சொன்னபடி மாற்ற வேண்டும் என்ற நிர்ப்பந்தம் வேறு. கோதுமை இருந்தது. கப்பல் இருந்தது. துறைமுகம் இருந்தது. சாவி மட்டும் வாஷிங்டனில் இருந்தது.

நாற்பது லட்சம் கோணிப்பை

இதைவிடக் கொடுமை நம் பக்கத்து நாடான வங்காள தேசத்தில் நடந்தது. சணல் ஆலைத் தொழிலாளியும் நாற்று நடும் கூலியும் ஒரே கதையில் வருகிறார்கள். கவனித்துப் படியுங்கள்.

1971-இல் ரத்தம் சிந்தி விடுதலை பெற்ற நாடு அது. கையில் விற்பதற்கு இருந்த பெரிய பொருள் சணல். வங்காள தேசத்தின் சணல் கார்ப்பரேஷன் கியூபாவுக்கு 40 லட்சம் கோணிப்பை விற்றது. கரும்பு விளைவிக்கும் கியூபாவுக்குச் சர்க்கரை மூட்டை கட்டச் சாக்கு வேண்டும். சாக்கு நெய்யும் நாட்டுக்கு அன்னியச் செலாவணி வேண்டும். இரண்டு ஏழை நாடுகள் செய்துகொண்ட நேர்மையான வியாபாரம். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

ஆனால் அன்றைய அமெரிக்கச் சட்டம் கியூபாவோடு வியாபாரம் செய்கிற நாட்டுக்குப் பி.எல். 480 உணவு கிடையாது என்றது. 1974 மே மாதக் கடைசியில் டாக்காவிலிருந்த அமெரிக்கத் தூதர் இதைச் சொன்னார். அதே கோடையில் பிரம்மபுத்திரா பெருக்கெடுத்தது. வயல்கள் மூழ்கின. கியூபாவுக்கு இனிச் சாக்கு விற்பதில்லை என்று வங்காள தேசம் பணிந்தது. அதற்குப் பிறகே கப்பலுக்கு வழி பிறந்தது. தானியம் வந்து சேர்வதற்குள் பஞ்சம் தன் வேலையை முடித்துவிட்டது. சர்க்கார் கணக்கில் செத்தவர்கள் 26,000 பேர். ஆராய்ந்தவர்கள் பல லட்சம் என்கிறார்கள்.

நாற்பது லட்சம் சாக்குப் பைக்கு இதுவா விலை?

இதே பஞ்சத்தில் இன்னொரு உண்மையும் இருக்கிறது. அமெரிக்காவைத் திட்டிவிட்டு அதை மறைத்துவிட நாம் விரும்பவில்லை. பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் 1981-இல் வெளிவந்த தமது நூலில் கணக்குப் போட்டுக் காட்டினார். 1971 முதல் 1975 வரையிலான ஐந்து ஆண்டுகளில் தலைக்கு அதிகமான உணவு தானியம் இருந்த ஆண்டு எது தெரியுமா? பஞ்சம் வந்த 1974-தான்! அப்படியானால் செத்தவர்கள் யார்? விவசாயக் கூலிகள். வெள்ளத்தில் நடவு வேலை போயிற்று. கூலி போயிற்று. அரிசி விலையோ ஏறியது. பதுக்கல்காரன் கிடங்கில் அரிசி இருந்தது, கூலிக்காரன் மடியில் காசு இல்லை. கப்பல் வரவில்லை என்பது ஒரு பாதி. வந்த அரிசியையும் இருந்த அரிசியையும் வாங்கும் சக்தி ஏழைக்கு இல்லை என்பது மறு பாதி.

இதற்கு ஓர் ஆண்டு முன்னால் நம் நாட்டு மகாராஷ்டிரத்தைப் பாருங்கள். 1972-73-இல் அங்கே கொடிய வறட்சி. ஜனங்கள் வேலை கேட்டு வீதிக்கு வந்தார்கள். சாலை போடவும் குளம் வெட்டவும் சர்க்கார் வேலை கொடுக்க வேண்டி வந்தது. 1973 மே மாதத்தில் ஏறக்குறைய 50 லட்சம் பேர் நிவாரண வேலைகளில் இருந்தார்கள். கையில் கூலி இருந்தது. கூலி இருந்த இடத்துக்குத் தானியம் வந்து சேர்ந்தது. துன்பம் இல்லை என்று சொல்ல மாட்டோம். ஆனால் வங்காள தேசத்தில் நடந்ததுபோல் அங்கே பிணம் குவியவில்லை.

ஆக, நிவாரணச் சங்கிலியின் கடைசிக் கண்ணி தொழிலாளியின் மடியில் இருக்கும் கூலி. அதை அறுத்துவிட்டு லாரியை எண்ணிப் பயனில்லை.

தானியமா, கப்பல் வாடகையா?

"எப்படியானாலும் கொடுத்தார்களே! தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?" என்று கேட்பார்கள். பார்ப்போம். ஏனென்றால் தானம் யாருக்குப் போயிற்று என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

1954 முதலே அங்கே இன்னொரு சட்டமும் இருக்கிறது. உதவித் தானியத்தில் குறைந்தது பாதியை அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பலில்தான் ஏற்ற வேண்டும். 1985-இல் இதை முக்கால் பங்காக உயர்த்தினார்கள். 2012-இல் மறுபடி பாதியாக்கினார்கள். அந்தக் கப்பல்களுக்கு வாடகை அதிகம். தானியமும் பெரும்பாலும் அமெரிக்காவிலேயே வாங்கியதாக இருக்க வேண்டும். பக்கத்து ஜில்லாவில் சோளம் மலிவாகக் கிடைத்தாலும் கடல் கடந்துதான் வர வேண்டும்.

இதனால் என்ன ஆயிற்று? நாம் சொல்ல வேண்டாம். அமெரிக்கப் பார்லிமெண்டின் சொந்தத் தணிக்கை இலாகா 2007-இல் சொன்னது. மிகப் பெரிய உணவு உதவித் திட்டத்தில் செலவாகும் பணத்தில் சுமார் 65 சதவீதம் தானியத்துக்கு அல்ல, கப்பல் வாடகைக்கும் ஏற்று இறக்குச் செலவுக்கும் நிர்வாகத்துக்கும் போகிறது. நூறு ரூபாயில் தானியம் வெறும் முப்பத்தைந்து ரூபாய்க்கு! அது போய்ச் சேர நான்கு மாதம் முதல் ஆறு மாதம் வரை பிடிக்கிறது. பசி ஆறு மாதம் காத்திருக்குமா?

அதே 2007-இல் கேர் என்ற பெரிய நிவாரண ஸ்தாபனம் ஆண்டுக்குச் சுமார் 45 மில்லியன் டாலர் மதிப்புள்ள உதவியை வேண்டாம் என்றது. அமெரிக்கத் தானியத்தை ஏழை நாட்டுச் சந்தையில் விற்று, அந்தக் காசில் தருமம் செய்வது அந்தத் திட்டம். இப்படி விற்றால் அந்த நாட்டுக் குடியானவன் விளைவித்ததற்கு விலை விழுகிறது, நாளைய பஞ்சத்துக்கு நாமே விதை போடுகிறோம் என்று அவர்களே உணர்ந்தார்கள். அவர்கள் கம்யூனிஸ்டுகள் அல்ல.

அமெரிக்கத் துறைமுகத்தில் மூட்டை சுமக்கும் தொழிலாளி மீது நமக்குக் கோபம் இல்லை. அங்கே வரி கட்டும் சாமானிய மனிதன் மனமிரங்கியே கொடுக்கிறான். அவன் இரக்கத்தை முதலாக்கி, கப்பல் கம்பெனியும் தானிய மொத்த வியாபாரியும் லாபம் அடிக்கிறார்கள். ஏமாந்தது அவனும்தான்.

நம் வீட்டில் நடப்பது என்ன?

வாஷிங்டனை மட்டும் பேசிவிட்டு டில்லியை விட்டுவிட முடியாது. 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியது. ஆயிரக்கணக்கான மீனவத் தொழிலாளர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து ஜனங்களைக் கரை சேர்த்தார்கள். எந்த மானேஜரும் அவர்களுக்குச் சார்ட் போட்டுக் கொடுக்கவில்லை. கூலி பேசவில்லை, கட்சி கேட்கவில்லை.

மத்திய சர்க்கார் என்ன செய்தது? 89,540 டன் அரிசி ஒதுக்கியது. அன்றைக்கு மத்தியக் கிடங்குகளில் இருப்பு விதிக்கு மேலே தானியம் குவிந்து கிடந்தது. விவசாயி விளைவித்தது, ஜனங்களின் வரிப் பணத்தில் வாங்கியது. ஆனாலும் அந்த அரிசிக்கு 2022-இல் பில் வந்தது: 205 கோடி ரூபாய்க்கு மேல் கட்டு! வெள்ளத்தில் வீடிழந்த ஜனங்களுக்குப் போட்ட சோற்றுக்கு விலை கேட்கும் சர்க்காரை என்னவென்று அழைப்பது? 1966-இல் ஜான்சன் நமக்குச் செய்ததை, 2018-இல் டில்லி தன் சொந்த மாநிலம் ஒன்றுக்குச் செய்தது. கயிறு வேறு, கட்டும் புத்தி ஒன்றே.

நாம் செய்த தவறு

பிறரைக் கேள்வி கேட்கும் நாம் நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தது. தென்னை சாய்ந்தது. கூரை பறந்தது. மின்கம்பம் முறிந்தது. மூன்றாம் நாள், கோவைப் பக்கத்து ஆலைத் தொழிலாளர்கள் ஷிப்டு முடிந்து வாசலில் துண்டேந்தி வசூல் செய்த பொருள்களோடு ஒரு லாரி நம்மிடம் வந்தது.

நாம் என்ன செய்தோம்? மெயின் ரோட்டிலேயே நிறுத்தி இறக்கினோம். ஒரு மணி நேரத்தில் காலி. முண்டியடித்தவன் இரண்டு தடவை வாங்கினான். மறுநாள் இரண்டு மைல் உள்ளே இருந்த காலனியிலிருந்து ஒரு மூதாட்டி நடந்து வந்தார். "லாரி வந்துச்சாமே தம்பி, எங்களுக்கு யாரும் சொல்லலையே?" என்றார். அவருக்கு நம்மிடம் பதில் இல்லை. மீதி இருந்தது ஒரு மூட்டை பழைய சட்டைகள் மட்டுமே. 2004 டிசம்பரில் சுனாமி அடித்தபோது நாகப்பட்டினம் சாலையோரங்களில் இப்படித்தான் பழந்துணி குவிந்து மழையில் நனைந்தது. பதினான்கு வருஷம் கழித்தும் நாம் கற்றுக்கொள்ளவில்லை.

அன்று இரவு அரிக்கேன் விளக்கில் உட்கார்ந்து பேசினோம். சங்கத்தில் சந்தா கட்டியவர்களுக்கு முதலில் என்று ஒரு தோழர் சொன்னார். நெடுநேரம் வாதம் நடந்தது. பசிக்குச் சந்தா ரசீது கிடையாது என்று முடிவாயிற்று. விடிந்ததும் மூன்று தோழர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு நடந்தார்கள். வீட்டுக்கு எத்தனை தலை, கைக்குழந்தை உண்டா, கூரை இருக்கிறதா, தனியாக இருக்கும் விதவையா, நடக்க முடியாதவரா என்று எழுதினார்கள். மாலையில் கொடிமேடை அருகே ஊரைக் கூட்டிப் பட்டியலை உரக்கப் படித்தோம். விடுபட்ட ஐந்து வீட்டைப் பெண்கள் சொன்னார்கள், சேர்த்தோம். இரண்டு பெயரைப் பொய் என்றார்கள், விசாரித்து அடித்தோம்.

ஆலைத் தோழர்களுக்குச் சொல்லி அனுப்பினோம்: துணி வேண்டாம். தார்ப்பாய், கயிறு, அரிசி, மெழுகுவத்தி, தீப்பெட்டி, கொசுவத்தி, பெண்களுக்கு நாப்கின் வேண்டும். அவர்கள் வீட்டுக்கு ஒரு கட்டு என்று எண்ணிக் கட்டி அனுப்பினார்கள். லாரி காலனி முனை வரை போயிற்று. நாலு கட்டு மிஞ்சியது. அதைப் பக்கத்துக் குக்கிராமத்தில் நாலு வீட்டுக்குக் கொடுத்தோம்.

நாம் கொடுத்தது கடலில் ஒரு துளி. சர்க்கார் செய்ய வேண்டிய வேலைக்கு அது ஈடாகாது. ஆனால் ஒன்று தெரிந்தது. பட்டியல் இருட்டில் இருந்தால் திருட்டு உள்ளே வரும். ஊர் முன்னால் படித்தால் ஊரே காவல் நிற்கும்.

நாம் கோருவது என்ன?

ஒன்று: புயல் வரும் ஜில்லாக்களில் ஐப்பசி பிறப்பதற்கு முன்னாலேயே ரேஷன் கடையிலும் கூட்டுறவுக் கிடங்கிலும் அரிசியும் தார்ப்பாயும் இருக்க வேண்டும். புயல் வந்த பிறகு டெண்டர் விடுவது கண்துடைப்பு. கிடங்கில் என்ன இருக்கிறது என்று வாசலில் எழுதி வைக்க வேண்டும். விவசாயத் தொழிலாளர், மீனவர், பெண்கள் அடங்கிய கமிட்டி அதைச் சரிபார்க்க வேண்டும்.

இரண்டு: நிவாரணப் பட்டியலைக் கிராமசபையில் உரக்கப் படிக்க வேண்டும். பட்டா இல்லை, கார்டு இல்லை, வெளியூர்த் தொழிலாளி என்று சொல்லி ஒருவரையும் தள்ளக் கூடாது. படகு இழந்தவனும் தோப்பு இழந்தவனும் பட்டியலில் வருகிறான். கூலி இழந்தவனும் வர வேண்டும்.

மூன்று: வெள்ளம் வடிந்த ஒரு வாரத்தில் நிவாரண வேலை தொடங்க வேண்டும். ஆண், பெண் இருவருக்கும் சம கூலி, வாரம் தவறாமல் கையில் கிடைக்க வேண்டும்.

நான்கு: பேரிடரில் சிக்கிய மாநிலத்துக்கு மத்தியக் கிடங்கிலிருந்து கொடுக்கும் தானியத்துக்கு விலை கேட்கக் கூடாது. தானியமும் தார்ப்பாயும் முடிந்தவரை பக்கத்துக் குடியானவர்களிடமும் கூட்டுறவுகளிடமும் வாங்க வேண்டும்.

ஐந்து: உலக அரங்கில் உணவை ஆயுதமாக்குவதை நம் நாடு துணிந்து எதிர்க்க வேண்டும். யாரோடு வியாபாரம் செய்தாய், எந்த யுத்தத்தைக் கண்டித்தாய் என்று கேட்டுவிட்டுச் சோறு போடுகிறவன் தருமவான் அல்ல.

தோழர்களே! இவை பிச்சைக்காரனின் வேண்டுகோள்கள் அல்ல. அந்தக் கோதுமையை விளைவித்தவன் உழைப்பாளி. சாக்கை நெய்தவன் உழைப்பாளி. மூட்டையைச் சுமந்தவனும், லாரியை ஓட்டியவனும், கப்பலில் ஏற்றியவனும் உழைப்பாளி. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் நம் கைகளே அடித்திருக்கின்றன. பூட்டுச் சாவி மட்டும் நம்மிடம் இல்லை. அதனால்தான் துபாயில் பிஸ்கோத்து சாம்பலாகிறது, காலனியில் மூதாட்டி வெறுங்கையோடு திரும்புகிறார்.

அடுத்த புயல் நம்மிடம் தேதி கேட்டுக்கொண்டு வராது. இந்த வாரமே உங்கள் கிளைக் கூட்டத்தில் மூன்று கேள்விகளை வையுங்கள். நம் ஊர்க் கிடங்கில் என்ன இருக்கிறது? பட்டியல் யாரிடம் இருக்கிறது? சாவி யார் கையில் இருக்கிறது? பதில் கிடைக்கும் வரை விடாதீர்கள்!